ஏ மைனர் பாட்டில் ஈ மேஜர் எப்படி வந்தது? மைனர் கீயில் எந்தக் கார்டு என்ன வேலை செய்கிறது?

மழைக்கிட்டார்:

அனைவருக்கும் வணக்கம். சொந்தமாகப் பாட்டு எழுதி, கிட்டாரில் கார்டு (சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கிற பிடி) போட்டுப் பாடிப் பார்க்கிறவன் நான். மேஜர் கீ என்றால் எந்தக் கார்டு எங்கே இழுக்கும், எங்கே நிற்கும் என்று காதுக்கே தெரிந்துவிடுகிறது. மைனருக்கு வந்தால்தான் தடுமாற்றம். இப்போது ஏ மைனரில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பல்லவிக்கு ஏ மைனர், எஃப், சி, ஜி. சரணத்துக்கு டி மைனர், ஏ மைனர், ஈ மைனர், மறுபடி ஏ மைனர். எல்லாமே ஸ்கேலுக்குள் இருக்கிற கார்டுகள்தான், வெளியிலிருந்து எதையும் எடுக்கவில்லை.

ஆனால் பல்லவி இரண்டு மூன்று சுற்று போனதும் சி மேஜர் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. வரி சோகமான வரி, கேட்கிறவருக்கு அந்தச் சோகம் போய்ச் சேரவில்லை. சரணத்தில் வேறு தொல்லை. ஈ மைனரிலிருந்து ஏ மைனருக்கு வந்து முடிக்கும்போது முடிந்த மாதிரியே இல்லை, போகிற போக்கில் நின்றுபோன மாதிரி இருக்கிறது. கூட வாசிக்கிற நண்பர் "ஈ மேஜர் போடு, சரியாகிவிடும்" என்றார். போட்டேன், சரியாகிவிட்டது. ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஈ மேஜரில் இருக்கிற ஜி ஷார்ப் ஏ மைனர் ஸ்கேலிலேயே கிடையாதே? ஸ்கேலில் இல்லாத ஒரு ஸ்வரம் வந்துதான் பாட்டை முடித்து வைக்க வேண்டுமா?

எந்தக் கீயில் என்னென்ன கார்டு வரும் என்ற பட்டியல் எனக்கு மனப்பாடம். எனக்குத் தெரிய வேண்டியது ஒவ்வொரு கார்டும் பாட்டுக்குள் என்ன வேலை பார்க்கிறது என்பதுதான். விரிவாகவே சொல்லுங்கள், பொறுமையாகப் படிக்கிறேன்.

கீபோர்டு அண்ணாச்சி:

தம்பி, உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒரே ஸ்வரம்தான். ஜி. அது ஜியாக இருக்கிறதா, ஜி ஷார்ப்பாக இருக்கிறதா என்று பாருங்கள், பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது.

மேஜர் கீயில் ஏழாவது ஸ்வரம் டானிக்குக்கு, அதாவது கீயின் மைய ஸ்வரத்துக்கு, ஒரு செமிடோன் (கிட்டாரில் ஒரு ஃபிரெட் தூரம்) கீழே இருக்கும். சி மேஜரில் பி. பக்கத்திலேயே இருப்பதால் அது எப்போதும் சிக்கு ஏறத்தான் பார்க்கும், லீடிங் டோன் என்பார்கள். ஏ மைனர் ஸ்கேலில் ஏழாவது ஜி. அதற்கும் ஏக்கும் நடுவே முழு டோன் இடைவெளி, அதனால் ஏற வேண்டும் என்ற அவசரம் அதற்கு இல்லை. ஈ மைனர் கார்டில் இருப்பது இந்த ஜிதான். அது ஏ மைனருக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம், கேட்கிறவருக்கு எதிர்பார்ப்பே வருவதில்லை. உங்கள் சரணம் சும்மா நின்றுபோன மாதிரி இருப்பது இதனால்தான். ஜியை ஒரு செமிடோன் ஏற்றினால் மேஜர் கீயில் இருக்கிற அந்த இழுப்பு மைனருக்கும் கிடைத்துவிடுகிறது. ஈ மேஜரோடு டியும் சேர்ந்த ஈ செவன் போட்டால் இன்னும் பலம். அதில் ஜி ஷார்ப்பும் டியும் ஒன்றாக ஒலிக்கும், இரண்டுக்கும் நடுவே ஆறு செமிடோன், கேட்டால் நிலைகொள்ளாத சத்தம். ஜி ஷார்ப் ஏக்கு ஏறும், டி சிக்கு இறங்கும், ஏ மைனர் வந்துவிடும்.

ஸ்கேலில் இல்லாத ஸ்வரமாச்சே என்று கேட்டீர்கள். கார்டு என்ற எண்ணமே தெளிவாக உருவாகாத காலத்தில், ஐரோப்பியத் தேவாலயங்களில் பல குரல்கள் சேர்ந்து பாடியபோது, முடிவு வருகிற இடத்தில் பாடகர்கள் தாங்களாகவே அந்த ஸ்வரத்தை ஏற்றிப் பாடியிருக்கிறார்கள், ஏட்டில் ஷார்ப் குறி இருக்காது. இன்றைக்கும் ஏ மைனர் நோட்டேஷனைப் பாருங்கள், கீ சிக்னேச்சரில் ஷார்ப் ஒன்றுகூட இருக்காது, ஜி ஷார்ப் தேவைப்படுகிற இடத்தில் மட்டும் தனியாகக் குறி போடுவார்கள். அதாவது மைனர் கீ என்பது ஏழு ஸ்வரத்தோடு பூட்டி வைத்த பெட்டி இல்லை. ஆறாவதும் ஏழாவதும் நகரும். மற்ற ஐந்தும் அப்படியே இருக்கும்.

இனி பல்லவி. ஏ மைனர், எஃப், சி, ஜி என்ற நான்கில் மூன்று, சி மேஜரின் ஒன்று, நான்கு, ஐந்தாம் கார்டுகள். நான்கு பாரில் (தாளக் கட்டத்தில்) மூன்று பார் சிக்காகப் பேசுகிறது. அதிலும் கடைசியில் நிற்கிற ஜி, சியின் டாமினண்ட், அதாவது டானிக்கை நோக்கி இழுக்கிற ஐந்தாம் கார்டு. அது வந்ததும் காது சியைத்தான் எதிர்பார்க்கும், நீங்கள் ஏ மைனர் கொடுத்தால் "சரி, சிக்கு முன்னால் ஒரு சுற்று வழி போகிறார்" என்று எடுத்துக்கொள்ளும். மெட்டும் சி பாரில் ஈ அல்லது ஜி ஸ்வரத்தில் நீட்டி நிற்கிறதென்றால் சொல்லவே வேண்டாம். சுற்றை மாற்ற வேண்டியதில்லை. கடைசிச் சுற்றில் மட்டும் ஜிக்குப் பதில் ஈ செவன் போடுங்கள். மூன்று சுற்று சியா ஏயா என்று ஊசலாடிவிட்டு நான்காவதில் ஏ மைனரில் அழுத்தமாக வந்து விழும். உங்கள் வரியின் கனமும் அங்கேதான் தெரியும்.

மற்ற கார்டுகளின் வேலை. டி மைனரும் பி டிமினிஷ்டும் (பி, டி, எஃப்) ஒரு கூட்டம், டானிக்கை விட்டுக் கிளம்பி டாமினண்டுக்கு வழி செய்பவை, இரண்டிலும் டியும் எஃப்பும் பொதுவாக இருக்கின்றன. பி டிமினிஷ்டு தனியாக வறட்சியாகக் கேட்டால் மேலே ஒரு ஏ சேர்த்துக்கொள்ளுங்கள், பி மைனர் செவன் ஃபிளாட் ஃபைவ் ஆகிவிடும், அதிலிருந்து ஈ செவன், ஏ மைனர் என்று வருவது ஜாஸ்காரர்களின் அன்றாடச் சோறு. ஈ, ஈ செவன், ஜி ஷார்ப் டிமினிஷ்டு மூன்றும் டாமினண்ட் வேலைக்கு. சி கார்டு ஏ மைனரோடு இரண்டு ஸ்வரத்தைப் பகிர்ந்துகொள்வதால் அதற்கு மாற்றாகக் கொஞ்ச நேரம் நிற்கும், ஆனால் அதிக நேரம் நிற்கவிட்டால் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், உங்கள் பல்லவியில் நடந்தது அதுதான்.

எஃப் இருக்கிறதே, அதுதான் எனக்கு மைனர் கீயில் மிகவும் பிடித்த கார்டு. அதில் ஏவும் சியும் இருப்பதால் ஏ மைனருக்கு உறவு, எஃப்பும் ஏவும் இருப்பதால் டி மைனருக்கும் உறவு. ஈக்கு முன்னால் வைத்தால் பேஸில், அதாவது கார்டின் அடி ஸ்வரத்தில், எஃப் ஒரு செமிடோன் இறங்கி ஈயில் உட்காரும், அந்த இறக்கத்திலேயே ஒரு பாரம் உண்டு. ஈ செவனுக்குப் பின்னால், எல்லோரும் ஏ மைனரை எதிர்பார்க்கிற இடத்தில் வைத்தால், முடிவு ஏமாற்றி இன்னொரு வரி பாட வைக்கும். சரணத்தில் கடைசி வரியை இரண்டு முறை பாடுகிற பழக்கம் உண்டென்றால் முதல் முறை ஈ செவனிலிருந்து எஃப்புக்கும் இரண்டாம் முறை ஏ மைனருக்கும் போய்ப் பாருங்கள்.

ஆறாம் கம்பி:

அண்ணாச்சி சொன்னதை விரலில் காட்டுகிறேன். ஓப்பன் ஈ மைனர் பிடியுங்கள், மூன்றாம் கம்பி சும்மா ஒலிக்கும், அது ஜி. ஈ மேஜருக்கு அதே கம்பியில் முதல் ஃபிரெட், அது ஜி ஷார்ப். ஏ மைனருக்கு அதே கம்பியில் இரண்டாவது ஃபிரெட், அது ஏ. மற்ற கம்பிகளை மறந்துவிட்டு மூன்றாம் கம்பியை மட்டும் அடித்துக் கேளுங்கள், கதை முழுவதும் அதில் இருக்கிறது. ஈ செவனை இரண்டாம் கம்பி மூன்றாவது ஃபிரெட்டில் டி வருகிற மாதிரிப் பிடித்தால், ஏ மைனருக்குப் போகும்போது பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளில் ஒன்று ஏறுவதும் ஒன்று இறங்குவதும் கண்ணுக்கே தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் அண்ணாச்சியோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். ஈ மைனர் பலவீனம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இழுப்பு இல்லாததே சில பாட்டுக்கு வேண்டியிருக்கும். ஏ மைனர், ஜி, ஏ மைனர் என்றோ, ஏ மைனர், ஈ மைனர் என்றோ ஆடுகிற பாட்டில் டாமினண்டே இல்லை, அங்கே ஏதான் மையம் என்பதை பேஸும் மெட்டும் தாளத்தில் அது விழுகிற இடமும் சேர்ந்து சொல்லிவிடும். ராக்கிலும் நாட்டுப்புற இசையிலும் இப்படி ஏராளம். எல்லா இடத்திலும் ஈ செவன் போட்டால் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி அழும். தம்பியின் வரி ஆறிப்போன துக்கமா, கொதிக்கிற துக்கமா என்று பார்த்து முடிவு செய்யட்டும்.

நகரும் ஸ்வரத்துக்கு ஓர் உதாரணம், தி அனிமல்ஸ் குழு 1964-ல் பதிவு செய்த 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்'. பழைய நாட்டுப்பாடல். கிட்டார் கற்கிற எல்லோரும் வாசித்திருப்பீர்கள்: ஏ மைனர், சி, டி மேஜர், எஃப், அப்புறம் ஏ மைனர், ஈ. டி மேஜரில் எஃப் ஷார்ப், அடுத்த கார்டிலேயே வெறும் எஃப். சியில் ஜி, ஈயில் ஜி ஷார்ப். ஒரே ஸ்கேலில் இதை அடைக்க முடியாது. ஆனால் உள்ளே ஒரு வரிசை போகிறது, சி கார்டின் ஜி, டியின் எஃப் ஷார்ப், எஃப் கார்டின் எஃப், ஏ மைனரின் ஈ என்று ஒவ்வொரு செமிடோனாக இறங்குகிறது. அந்த இறக்கம்தான் நான்கு கார்டையும் கோத்து வைத்திருக்கிறது. மெதுவாக ஒவ்வொரு கார்டிலும் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள்.

நிஷாதம்:

நான் வயலின் சொல்லிக் கொடுக்கிறவள், கார்டு எனக்குப் பின்னால் வந்த படிப்பு. இந்த விஷயம் எனக்குப் பிடிபட்டது மேளகர்த்தா (கர்நாடக இசையின் 72 தாய் ராகங்களின் வரிசை) வழியாகத்தான், இங்கே ராகம் தெரிந்தவர்கள் இருந்தால் உதவும். ஏவை ஸட்ஜமாக வையுங்கள். எஃப் சுத்த தைவதம், எஃப் ஷார்ப் சதுஸ்ருதி தைவதம். ஜி கைசிகி நிஷாதம், ஜி ஷார்ப் காகலி நிஷாதம். ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம் அப்படியே இருக்க, இரண்டு தைவதமும் இரண்டு நிஷாதமும் சேர்கிற நான்கு சேர்க்கைகள் 72 மேளத்தில் அடுத்தடுத்து வருகின்றன. 20 நடபைரவி, 21 கீரவாணி, 22 கரகரப்ரியா, 23 கௌரிமனோகரி. மேற்கத்தியப் பெயரில் நேச்சுரல் மைனர், ஹார்மோனிக் மைனர், டோரியன், மெலோடிக் மைனரின் ஏறுவரிசை. ஸ்வரத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன், ராகம் என்றால் கமகமும் பிரயோகமும் சேர்ந்ததுதான்.

மைனர் கீயில் கார்டு போடுகிறவர் ஒரு பாட்டுக்குள்ளேயே இந்த நான்கிலும் நடமாடுகிறார். ஆறாம் கம்பி சொன்ன பாட்டில் டி மேஜர் கரகரப்ரியா பக்கம், ஈ மேஜர் கீரவாணி பக்கம். ராகத்தில் நின்று மெட்டுப் போடுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது, இதைப் பலர் கவனிப்பதில்லை. மெட்டு சுத்தமான கீரவாணி என்றால் கைசிகி நிஷாதம் இல்லை, அப்படியானால் ஜி கார்டும் கிடையாது, ஈ மைனரும் கிடையாது. சி கார்டுகூட அப்படியே வராது, அதன் ஜி ஏறிவிடுவதால் சி ஆக்மென்டட் ஆகிவிடும், பாட்டின் நடுவே அது திடீரென்று அந்நியமாக ஒலிக்கும். அந்த இடத்தில் நான் ஏ மைனரையே சி பேஸோடு போடச் சொல்வேன். மிச்சம் இருக்கிற ஏ மைனர், டி மைனர், எஃப், ஈ செவன் நான்கே கீரவாணிக்குத் தாராளம்.

இன்னொன்று, கீரவாணியில் எஃப்பிலிருந்து ஜி ஷார்ப்புக்கு மூன்று செமிடோன் தாண்டல். பாடத் தெரிந்தவர் கையில் அது அழகு, பல்லவிக்கு அதையே பிடியாக வைக்கலாம். குரலுக்கு அந்தத் தாண்டல் வேண்டாம், வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்றால் எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ. இறங்கும்போது ஜி, எஃப், ஈ. ஏறும்போது டி மேஜர், ஈ மேஜர், ஏ மைனர் கீழே ஒத்துப்போகும், இறங்கும்போது ஏ மைனர், ஜி, எஃப், ஈ. இந்த இரண்டாவது, ஸ்பெயினின் ஃப்ளமென்கோ கிட்டாரில் ஓயாமல் கேட்கிற இறக்கம், ஆனால் அங்கே கடைசி ஈயே ஓய்வு எடுக்கிற இடம், ஏ மைனர் இல்லை. அதே நான்கு கார்டுதான், எங்கே நிறுத்துகிறோம் என்பதில் வேலை மாறிவிடுகிறது.

மழைக்கிட்டார்:

அண்ணாச்சி, நிஷாதம் அக்கா, ஆறாம் கம்பி, மூவருக்கும் நன்றி. நான்காம் சுற்றில் ஈ செவன் போட்டுப் பார்த்தேன், அந்த ஒரு பாரில் பாட்டின் முகமே மாறிவிடுகிறது. சரணக் கடைசி வரிக்கு எஃப் வைத்து ஏமாற்றுவதும் அருமையாக அமைந்தது.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். பல்லவியின் கடைசி வரி மெட்டு சி, பி, ஏ என்று இறங்கி ஜியில் நீண்டு நிற்கிறது, இரண்டு எண்ணிக்கை. சரியாக அங்கேதான் ஈ செவன். நான் ஜி பாடுகிறேன், கிட்டார் ஜி ஷார்ப் சொல்கிறது, பல் கூசுகிறது. மெட்டை மாற்ற மனமில்லை, அந்த ஜியில்தான் வரியின் கடைசிச் சொல் உட்காருகிறது. பழைய ஜி கார்டுக்கே திரும்பிவிடலாமா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. சரணத்தின் நடுவில் நினைவுகள் வருகிற நான்கு வரி, அங்கே மட்டும் நிஜமாகவே சி மேஜருக்குப் போய்விட்டுத் திரும்ப வேண்டும். எப்படித் திரும்புவது?

கீபோர்டு அண்ணாச்சி:

மெட்டை மாற்றாதீர்கள். சொல் உட்கார்ந்த ஸ்வரத்தைக் கார்டுக்காக நகர்த்துவது எனக்குச் சம்மதமே இல்லை, கார்டுதான் விட்டுக்கொடுக்க வேண்டும். ப்ளூஸில் ஈ செவன் மேலே ஜியைத் தெரிந்தே வைத்து உரச விடுவார்கள், கார்டாகவே வாசிப்பார்கள், அங்கே அது சுவை. உங்கள் பாட்டுக்கு அது பொருந்தாது என்று காது சொல்கிறதென்றால் காதைக் கேளுங்கள்.

பாரை இரண்டாகப் பிரியுங்கள். நீங்கள் ஜி பாடி நீட்டுகிற இரண்டு எண்ணிக்கைக்கு ஈ மைனர். குரல் நின்றதும் மிச்சம் இரண்டு எண்ணிக்கைக்கு ஈ செவன். ஒலிகள் மோதவே மோதாது. குரல் விட்ட ஜியைக் கிட்டார் எடுத்து ஜி ஷார்ப் ஆக்கி, அடுத்த பாரில் ஏயில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆறாம் கம்பி சொன்ன அதே மூன்றாம் கம்பிதான்: சும்மா, முதல் ஃபிரெட், இரண்டாவது ஃபிரெட். குரல் நின்ற வெற்றிடத்தில் இந்த ஏற்றம் தெளிவாகக் கேட்கும், வேறு இன்டர்லூட் எதுவும் அங்கே தேவைப்படாது. பிரிக்க வேண்டாம், ஒரே கார்டாக இருக்கட்டும் என்றால் ஜி ஷார்ப் இல்லாமல் ஈ, ஏ, பி, டி மட்டும் வருகிற ஈ செவன் சஸ் ஃபோர் பிடித்து, கடைசி எண்ணிக்கையில் மட்டும் ஈ செவன் ஆக்குங்கள். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்.

சிக்குப் போவது சுலபம், ஏ மைனரிலிருந்து டி மைனர், ஜி செவன், சி. ஏற்கெனவே பாட்டு அந்தப் பக்கம் சாய்ந்துதானே இருக்கிறது. திரும்பி வருவதை ஆறாம் கம்பி சொல்லட்டும், அது கிட்டாரில் பார்க்க அழகாக இருக்கும்.

ஆறாம் கம்பி:

சொல்கிறேன். கீழ் நான்கு கம்பிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்தும் ஆறும் வேண்டாம். ஜி செவனுக்கு நான்காம் கம்பி ஓப்பன், மூன்றாவது ஓப்பன், இரண்டாவது ஓப்பன், முதல் கம்பியில் முதல் ஃபிரெட். வருகிற ஸ்வரங்கள் டி, ஜி, பி, எஃப். இப்போது மூன்றாம் கம்பியிலும் முதல் ஃபிரெட்டை வையுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். டி, ஜி ஷார்ப், பி, எஃப். இது ஜி ஷார்ப் டிமினிஷ்டு செவன். முதலாவது சிக்கு இழுக்கிற கார்டு, இரண்டாவது ஏ மைனருக்கு இழுக்கிற கார்டு, வித்தியாசம் ஒரே விரல், ஒரே ஃபிரெட்.

நினைவு வரிகளின் கடைசி பாரில் ஜி செவன் வரும்போது எல்லோரும் இன்னொரு முறை சி வரப்போகிறது என்று இருப்பார்கள். பாரின் பாதியில் அந்த விரலை வையுங்கள், அடுத்த பாரில் ஏ மைனர். பேஸ் வாசிக்கிறவர் இருந்தால் ஜி, ஜி ஷார்ப், ஏ என்று கூடவே ஏறச் சொல்லுங்கள், ஆள் இல்லையென்றால் கட்டை விரலால் ஆறாம் கம்பி மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஃபிரெட் அடித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்குப் பிடியை மாற்ற வேண்டியிருக்கும்.

குரல் எந்த ஸ்வரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விரல் வைக்கிற நேரத்தில் நீங்கள் பி, டி, எஃப் இந்த மூன்றில் எதில் நின்றாலும் கவலை இல்லை, இரண்டு கார்டிலும் அவை உண்டு. பியில் நின்றால் அடுத்த பாரில் சிக்கு ஏறலாம், ஏக்கு இறங்கலாம், இரண்டும் ஏ மைனர் கார்டுக்குள்தான். நினைவிலிருந்து மீளுகிற வரி என்பதால் நானாக இருந்தால் ஏக்கு இறங்குவேன். பாடிப் பார்த்துவிட்டு எது அமைந்தது என்று எழுதுங்கள்.